வடக்கிலிருந்து ஒரு வாடை

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. நூல் மாதிரி வந்தது. நூல்கூட இல்லை, நூலிலிருந்து பிரிந்து தொங்கும் ஓர் இழை. இடது பக்க மூக்கில் மட்டும் நுழைந்து, நெற்றிக்குப் பின்னால் எங்கேயோ ஒரு முள்ளை வைத்துவிட்டுப் போய்விட்டது. தேசம்மா உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். பிறகு விட்டாள். பிறகு, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைப் போல, ஒன்றும் தெரியாத மாதிரி மெதுவாக ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெங்காயம்தான். வெங்காயம் என்றால் கண்ணல்லவா எரியும், மூக்கு ஏன் எரிகிறது. மூக்கும் எரியும், ஏன் எரியாது. கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. இது வெங்காயத் தண்ணியா, அந்த வாடையின் தண்ணியா. போன முறையும் இப்படித்தான்... இல்லை, போன முறை வெங்காயம் இல்லை, போன முறை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போன முறையைப் பற்றி நினைக்கவே கூடாது. அடுப்பில் உலை கொதிக்க ஆரம்பித்துவிட்டது, அரிசியைக் களைந்து போட வேண்டும், நெத்திலிக்குத் தலை கிள்ள வேண்டும், அதற்குள் அவர் எழுந்துவிட்டால் கஞ்சித்தண்ணி கொடுக்க வேண்டும். கைக்கு இத்தனை வேலை கிடக்கும்போது மூக்கு மட்டும் தனியாக ஒரு வேலையைத் தேடிக்கொள்கிறது. அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

மூக்கை நம்ப முடியாது, அது அவளுக்கே தெரியும். ஊரே வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு திரிந்த வருஷத்தில் வந்த காய்ச்சலில் போன மூக்கு அது. மற்றவர்களுக்குப் போன வாசனை சீக்கிரமே திரும்பிவிட்டது. அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க வரவில்லை. உலகமே தேய்த்துக் கவிழ்த்த அலுமினியப் பாத்திரம் மாதிரி இருந்தது அப்போது. கருவாடு சுட்டாலும் ஒன்றுதான், சாக்கடை அடைத்துக்கொண்டாலும் ஒன்றுதான். பிறகு ஒரு நாள் வந்தது. ஆனால் மாறி வந்தது. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தால் டயர் எரிகிற நாற்றம். மல்லிப்பூவை முகர்ந்தால் மீன்கூடை. குளிக்கிற சோப்பில் ரத்த வாசனை. ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு, சிலருக்கு அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானதும் உண்மைதான். புளி புளியாயிற்று, மண்ணெண்ணெய் மண்ணெண்ணெயாயிற்று. ஆனால் எது சரியாகிவிட்டது, எது இன்னும் ஆகவில்லை, எது சரியானதைப் போல வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது என்று அவளால் சொல்ல முடியாது. சந்தையில் தொலைந்துபோய்த் திரும்பிவந்த பிள்ளை மாதிரி அது. பேச்சும் முகமும் அதேதான், ஆனாலும் ராத்திரியில் விளக்கைப் போட்டு ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கத் தோன்றும்.

மறுபடி வந்தது. இப்போது ரெண்டு மூக்கிலும். அவள் எழுந்து நின்றுவிட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிற புருஷனைப் பார்த்தாள். ஏகாம்பரம் படுத்துத் தூங்கி ஆறேழு வருஷம் இருக்கும். படுத்தால் மூச்சு நின்றுவிடும். முதுகுக்கு ரெண்டு தலையணை, மடியில் ஒரு தலையணை, அதன்மேல் ரெண்டு கை. தூங்கும்போதும் நெஞ்சுக்குள் ஒரு பழைய கீல் திறந்து திறந்து மூடுகிற சத்தம். அந்தச் சத்தம் சீராக இருந்தது. அப்படியென்றால் ஒன்றுமில்லை, இருந்தால் முதலில் இவருக்கல்லவா இருமல் வரும். வருமா. இவர் நெஞ்சில் எரிய இன்னும் என்ன மிச்சம். ஐஸ் கம்பெனி மிஷின் ரூமில் வேலை செய்தவர். பெரிய புயலுக்கு அடுத்த வருஷம், விடியற்காலையில் அமோனியா பைப் ஒன்று விட்டுப்போனபோது வால்வை மூட உள்ளே போன ரெண்டு பேரில் இவர் ஒருவர். இன்னொருவர் அங்கேயே போய்விட்டார். இவரை ஈரச்சாக்கில் சுற்றித் தூக்கிவந்தார்கள். அன்றைக்குத்தான் அந்த வாடை அவளுக்குப் பழக்கமானது. மூத்திர நெடியில் சுண்ணாம்பைக் கரைத்துப் பனிக்கட்டியில் வைத்த மாதிரி இருக்கும். மூக்கில் நுழையும்போது குளிர்ச்சி, உள்ளே போனதும் கத்தி. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அவர் சட்டையில் அது இருந்தது, தலையணை உறையில் இருந்தது, அவர் பேசினால் வாயில் இருந்தது. துணியை எரித்தாள், உறையை எரித்தாள். வாயை என்ன செய்வது.

அந்தக் கம்பெனி நிற்கிற இடம் அவள் சின்ன வயதில் கருவாட்டு மேடு. சிப்பிமேட்டுக் குப்பத்துக்கே உயரமான இடம் அதுதான். மழைத்தண்ணி நிற்காது, காற்று நாலா பக்கமும் அடிக்கும். வடக்குக் கோடியில் பாய் பாயாக விரித்துக் கருவாடு காய்ந்துகொண்டிருக்கும், காக்கை ஓட்டுவதற்குப் பொம்பளைப் பிள்ளைகள் கழியோடு உட்கார்ந்திருப்பார்கள். கிழக்கே கடல் தூரத்தில் இருந்தது. கடலுக்குப் போக வேண்டுமென்றால் தெருத்தெருவாகத் தாண்டிப் போக வேண்டும், அப்புறம் தாழம்புதர், அப்புறம் வெறும் மணல், கால் சுடுகிற மணல், அப்புறம்தான் தண்ணி. தெற்கே துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டி நீளமாகக் கடலுக்குள் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் மணல் வந்து சேரவில்லை. கடல் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டது. முதலில் தாழம்புதர் போனது. பிறகு வலை உலர்த்துகிற கொட்டகை. பிறகு கடலோரத் தெரு, அவள் பிறந்த வீடு இருந்த தெரு. அப்புறம் கங்கையம்மன் கோயில். அம்மனை மட்டும் தூக்கிவந்து தகரக் கொட்டகையில் வைத்தார்கள், கோயில் தண்ணிக்குள்ளேயே இருக்கிறது. கடைசியில் லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டிக் கரைக்குச் சுவர் வைத்தார்கள். இப்போது கிழக்கே பாறாங்கல், மேற்கே கண்டெய்னர் லாரி ஓடுகிற ரோடு, தெற்கே துறைமுகத்து மதில், வடக்கே ஐஸ் கம்பெனி. மேட்டைக் கம்பெனிக்குக் கொடுக்கும்போது ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்கு ஓர் ஆளுக்கு வேலை, படகுக்கு ஐஸ் கைக்கெட்டுகிற தூரத்தில். புயலில் படகு உடைந்துபோன ஏகாம்பரம்தான் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். போகச் சொன்னதும் அவள்தான். கடலில் போனால் திரும்பி வருவாரோ மாட்டாரோ என்று கரையில் நிற்க வேண்டியதில்லை, கட்டடத்துக்குள் வேலை, தலைக்குமேல் கூரை, பயமில்லை என்று அவள்தான் சொன்னாள்.

கார்த்திகை முடிகிற சமயம். வாடைக்காற்று பிடித்துவிட்டது. வடக்கே இருப்பதெல்லாம் இனித் தை மாசம் வரைக்கும் வீட்டுக்குள் வரும். கம்பெனியில் இரால் தலை அழுகினால் வரும், டீசல் புகை வரும், அதோடு சேர்த்து இதுவும். இதுவும் என்று ஏன் நினைக்கிறேன், இது எதுவுமில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். கழுநீரின் வாசனை கழுநீராகவே இருந்தது. புளியைக் கரைத்துக் கிட்டத்தில் வைத்து முகர்ந்தாள், புளி. மஞ்சள்தூள், மஞ்சள்தூள். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்தாள், மண்ணெண்ணெய். எல்லாம் சரியாகச் சொல்கிற மூக்கு இதை மட்டும் பொய் சொல்லுமா. சொல்லும். போன முறை சொன்னதே. போன முறையும் இப்படி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்திருந்தால் அன்றைக்கு மூக்கின் லட்சணம் தெரிந்திருக்கும். அன்றைக்கு நின்று யோசிக்கத் தோன்றவில்லை. துவைத்த துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டுத் தெரு நடுவில் ஓடி, கேஸ் வருது, கேஸ் வருது, ஓடுங்க என்று கத்தினாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. புருஷன் சாக்கில் சுற்றி வந்த காலையில் வராத குரல், அத்தனை வருஷம் உள்ளேயே கிடந்து அன்றைக்கு வெளியே வந்தது. ஊர் ஓடியது. எந்தப் பயம் வந்தாலும் கடலைப் பார்த்து ஓடுகிற ஜனம், கடல் இப்போது பாறாங்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மறந்து ஓடியது. பக்கத்து வீட்டுப் பவுனம்மாவின் மருமகள் மாலா, மாசம் நிறைந்த வயிற்றோடு, கல்மேல் ஏறப்போய் வழுக்கி ரெண்டு கல்லுக்கு நடுவில் விழுந்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை என்பதுதான். கம்பெனியிலிருந்து மேனேஜர் கையில் ஒரு மீட்டரோடு வந்து தெருத்தெருவாக நின்று காட்டினார். முள் அசையவே இல்லை. அப்போது ஆஸ்பத்திரியில் மாலாவுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது, அழவில்லை, பிறக்கும்போதே உயிர் இல்லை. காய்ச்சலில் மூக்குக் கெட்டுப்போனவள் பேச்சைக் கேட்டு ஊரே ஓடியிருக்கிறதே என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். பெரியவர்கள் கூடி அவளைத் தகரக் கொட்டகைக்கு முன்னால் நிற்கவைத்தார்கள். யாரும் அதட்டவில்லை, அடிக்க வரவில்லை, அப்படிச் செய்திருந்தால்கூடத் தேவலை. இனிமேல் இப்படிக் கத்தமாட்டேன் என்று கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். பண்ணினாள். கை சுடவில்லை. கூட்டத்தில் பவுனம்மா தலைமுடியை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். நாலு பேர் கேட்கச் சொன்னாள், "எங்க வாசப்படி மிதிக்காத. உன் நிழலுகூட எங்க ஊட்டு மேல வுழக்கூடாது." ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நிழல் எப்படி விழாமல் இருக்கும். அதற்குப் பிறகு தேசம்மா சாயங்காலமானால் வாசலில் நிற்பதில்லை. அவளுடைய நிழல் அந்தப் பக்கம் சாய்கிற நேரம் அது.

இப்போது வந்தது. இழை இல்லை இது, கயிறு. நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குடத்தில் தண்ணி இருந்தது. அதை வாசலிலேயே கொட்டிவிட்டு, தண்ணிக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். தெருக்குழாயில் ரெண்டு பெண்கள் நின்றிருந்தார்கள், இளசுகள், ஒருத்தி பல் துலக்குகிறாள், ஒருத்தி பக்கெட் நிறையக் காத்திருக்கிறாள். வானம் வெளுத்துக் கிடந்தது. கம்பெனிப் புகைபோக்கி வழக்கம்போல நின்றது. ஒரு நாய் மணலில் சுருண்டு தூங்கியது. நாய்க்குத் தெரியாதா. நாய்க்குத் தெரிந்தால் எழுந்து போகாதா. ஆனால் கம்பெனி வாசலில் போடுகிற இரால் தலையைத் தின்று வளர்ந்த நாய் அது, அதற்கும் மூக்கு என்று ஒன்று மிச்சமிருக்குமா. எப்படிக் கேட்பது என்று அவள் வார்த்தையை வாயிலேயே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். கடைசியில், இன்னாடி இது, குழாய்த் தண்ணில ஒரு மாதிரி நாத்தம் வருதே என்று கேட்டாள். பல் துலக்கியவள் நுரையைத் துப்பிவிட்டு மற்றவளைப் பார்த்தாள். மற்றவள் உதட்டை மடித்துக்கொண்டாள். தண்ணி நல்லாத்தான் இருக்கு அத்தே, உனக்குத்தான் எப்பவும் எதுனா வந்துனே இருக்கும் என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பில் தேசம்மாவுக்கு ஒரு நிம்மதி வந்தது. பார், இவர்களுக்கு மூக்கில்லையா. பதினெட்டு வயசு மூக்கு, காய்ச்சல் தொடாத மூக்கு. பல்பொடி வாசனையில் ஒருத்திக்குத் தெரியாமல் போயிருக்கலாம். இன்னொருத்திக்கு? இன்னொருத்திக்குச் சளி, குரலிலேயே தெரிகிறது. அப்படியென்றால் யாரும் இல்லை, நான்தான், நான் மட்டும்தான். நிம்மதி வந்த வழியே போய்விட்டது.

திரும்பி வந்தாள். சோறு கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்திருந்தது. தீயைக் குறைத்தாள். குழம்புச் சட்டியை மற்ற அடுப்பில் வைத்து வெங்காயத்தைப் போட்டாள். வதங்குகிற வெங்காயம் எல்லாவற்றையும் மூடிக்கொள்ளட்டும், புளி கொதித்தால் வீடு முழுக்கப் புளிவாசனை, அதற்குள் அது போய்விடும். சின்னக் கசிவாக இருந்தால் காற்றே அடித்துக்கொண்டு போய்விடும், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. கம்பெனியில் அபாயச் சங்கு வைத்திருக்கிறார்கள், கசிவு இருந்தால் ஊதமாட்டார்களா. அவர் வேலை செய்த காலத்திலேயே அந்தச் சங்கு ஊதாது. சுவருக்கு அந்தப் பக்கம் தூளி ஆடுகிற சத்தம் கேட்டது. கயிறு இரும்புக் கொக்கியில் உரசுகிற சத்தம், க்ரீச், நிற்கும், க்ரீச். மாலாவுக்குப் போன புரட்டாசியில் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. தேசம்மா இதுவரை பார்க்கவில்லை. அழுகையைக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். பசிக்கு அழுவது எது, ஈரத்துக்கு அழுவது எது என்று சுவர் வழியாகவே தெரிந்துவைத்திருக்கிறாள். ராத்திரி அது வீறிட்டால் மாலா எழுவதற்கு முன்னால் இங்கே இவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இப்போது அந்தப் பிள்ளை இருமியது. சின்ன இருமல், பூனை தும்முவது மாதிரி. பனிக்காலம், பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும். மறுபடி இருமியது. தூளியின் சத்தம் வேகமாயிற்று. போய்ச் சொன்னால் என்ன. போய்ச் சொல்லி, ஒன்றுமில்லாமல் போய், அந்தப் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது மறுபடி எவளாவது விழுந்தால். சொல்லாமல் இருந்து, இருந்து... அந்த நினைப்பின் மறுமுனைக்கு அவள் போகவில்லை. பாதியிலேயே நின்றாள். கற்பூரம் அடித்த கையைப் பார்த்தாள். அதில் நெத்திலியின் செதில் ஒட்டியிருந்தது. கத்தமாட்டேன் என்றுதானே சத்தியம். சொல்லமாட்டேன் என்று பண்ணவில்லையே. மெதுவாகச் சொன்னால் அது கத்துவதில் சேருமா. அம்மனுக்குத் தெரியாதா வித்தியாசம். தன் கோயிலையே கடலில் விட்டுவிட்டு வந்தவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று யார் கண்டது. கொஞ்சம் பொறுக்கலாம். புளி கொதிக்கட்டும். புளி கொதித்த பிறகும் வந்தால் பார்க்கலாம். புளியை ஊற்றினாள்.

"இன்னா மே, நின்னுகினே கீற?" என்றார் ஏகாம்பரம்.

அவர் எப்போது கண் விழித்தார் என்று தெரியவில்லை. ஒன்றுமில்லை, கஞ்சித்தண்ணி தரவா என்று கேட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். வருஷக்கணக்காக அந்த மூலையில் உட்கார்ந்து அவர் பார்த்ததெல்லாம் அவள் முகம் ஒன்றுதான். வாசனை எதுவும் அவருக்கு எட்டாது, மூக்குக்குள் எல்லாம் அன்றைக்கே வெந்துபோயிற்று. மூக்குல எதுனா வருதா என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு, தெரியலய்யா, எனக்குத்தான் அப்படி இருக்குது போல, போன முறைகூட இப்படித்தானே என்று சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்தினாள். அவர் ரெண்டு கையையும் தலையணையில் ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தார். எங்கே எரியுது, மேலயா, தொண்டையிலயா என்று கேட்டார். தொண்டையில் என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, ஆமாம், தொண்டையில். வெங்காயம் தொண்டைக்குப் போகாது. அவர் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். வாடைதான் என்றாள். அவர் நெஞ்சின் கீல் ஒரு தடவை திறந்து மூடியது.

"கடல் பக்கம் ஓடாதீங்க. காத்துக்குக் குறுக்க, ரோட்டுப் பக்கம் போங்க. துணியை நனைச்சி மூஞ்சில வச்சிக்கோ."

"நீ?"

"என்னைத் தூக்கினா ரெண்டு பேரும் இங்கயேதான். அந்தப் புள்ள இருமுது பார். போய் அவங்கள முதல்ல அனுப்பு. அப்புறம் நாலு ஆம்பளைங்கள இட்டுனு வா."

அவள் முந்தானையைக் குடத்தில் முக்கப்போனாள். குடத்தில் தண்ணி இல்லை, கொட்டிவிட்டிருந்தாள், பிடிக்காமலேயே வந்துவிட்டிருந்தாள். கழுநீரில் முக்கினாள். ஒரு துண்டை அதே கழுநீரில் நனைத்து அவர் முகத்தில் போட்டாள். அவர் அதை மூக்கின்மேல் சரியாக வைத்துக்கொண்டு கையால் போ என்று காட்டினார்.

பக்கத்து வாசலுக்கு எத்தனை தூரம், திரும்பினால் வாசல். ஆனால் படியில் கால் வைக்க முடியவில்லை. படிக்குக் கீழே மணலில் நின்றாள். பவுனம்மா உள்ளே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்து கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். தேசம்மா கத்தக்கூடாது என்று நினைத்து நினைத்து, குரலே வராத அளவுக்குத் தணித்துவிட்டாள். யக்கா, எனக்கு நெஞ்சு எரியுது, உனக்கு எரியலையா என்றாள். பவுனம்மா கதவைத் தள்ளினாள். மூடப்போகிற கதவுக்குப் பின்னால் தூளி நின்றது. மாலாவின் முகம் தெரிந்தது. கண் சிவந்திருந்தது. இவள் இந்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தயங்கிய நேரமெல்லாம் அவளும் இந்தப் பக்கம் நின்று தயங்கியிருக்கிறாள் என்று தேசம்மாவுக்கு அந்தக் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளுக்கும் எரிந்திருக்கிறது. தேசம்மாவைப் போல ஆகிவிடுவோமோ என்று அவளும் வாயைத் திறக்காமல் தூளியை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ரோட்டுப் பக்கம், மாலா. ஓட வேணாம். நடந்தே போ. கல்லு பக்கம் போவாத."

மாலா பிள்ளையைத் தூளியோடு சேர்த்து எடுத்தாள். சேலைத் துணியைப் பானையில் முக்கிப் பிள்ளையின் முகத்துக்கு மேல் கூடாரம் மாதிரி பிடித்துக்கொண்டு, மாமியாரைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் படியிறங்கினாள். அவள் இறங்கி நடந்தது போதுமாயிருந்தது. எந்தக் குரலுக்கும் அசையாத தெரு அந்த ஒருத்தியின் நடையைப் பார்த்து அசைந்தது. குழாயடியில் நின்றவள் பக்கெட்டை வைத்துவிட்டு மூக்கைப் பொத்தினாள். கதவுகள் திறந்தன. யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கம்பெனியின் பின்பக்கக் கதவு திறந்து, உள்ளே இரால் உரிக்கிற, தலைக்குக் குல்லாய் போட்ட பெண்கள் வாயில் துணியோடு கும்பலாக வெளியே வந்ததும் அப்போதுதான். அவர்களுக்குப் பின்னால் தரையோடு தரையாக வெள்ளையாக ஒன்று தவழ்ந்து வந்தது, மார்கழிப் பனி மாதிரி அழகாக இருந்தது. சங்கு ஊதவில்லை.

ரோட்டோரத்தில் லாரிகளை மறித்துக்கொண்டு ஊர் நின்றது. அவள் ஒவ்வோர் ஆம்பிளையின் கையாகப் பிடித்து இழுத்தாள், எங்க வூட்டுக்காரரு உள்ள கீறாரு, எங்க வூட்டுக்காரரு. பெரும்பாலானவர்கள் கடலில் இருந்தார்கள். இருந்தவர்களில் மூன்று பேர் கோணியை நனைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். தூக்கிவந்தபோது அவர் உயிரோடு இருந்தார். வாசல்படி வரை அவரே நகர்ந்து வந்திருந்தாராம். அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார், அதை அவளிடம் அவர்தான் சொன்னார், குழம்பை இறக்கி வச்சிட்டேன் என்று. ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது கீல் திறந்தது, மூடவில்லை.

சாவுக்கு ஊரே வந்தது. முன்பு கற்பூரம் அடிக்கச் சொன்ன பெரியவர்கள் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள், மாலாவின் பிள்ளையும் திரும்பிவிட்டது. நீ சொல்லலைன்னா ஊரே போயிருக்கும் என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணுக்குள் அன்றைய சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. குடத்தோடு போய்விட்டு வந்த நேரம், மஞ்சளை முகர்ந்த நேரம், புளி கொதிக்கட்டும் என்று நின்ற நேரம். அந்த நேரத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பவுனம்மா கருமாதி வரைக்கும் தினமும் ஒரு சொம்புக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அவள் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

பூட்டி முத்திரை வைத்த கம்பெனியைப் பொங்கலுக்கு முன்பே திறந்துவிட்டார்கள். படகுக்கு ஐஸ் வேண்டும், குல்லாய் போட்ட பெண்களுக்கு வேலை வேண்டும். திறந்த அன்றைக்குக் காலையில் மாலா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இவள் வாசலில் வந்து நின்றாள். அத்தே, இன்னிக்கு எப்படி இருக்குது என்று கேட்டாள். தேசம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, காற்றைப் பற்றிக் கேட்கிறாள். மறுநாள் குழாயடிப் பெண்களும் வந்தார்கள். அதற்கு மறுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாக்கள். பெரியவர்களில் ஒருவர் வந்து, சங்கை நம்பிப் பிரயோஜனமில்லை, நீ சொன்னால்தானம்மா எங்களுக்கு நிம்மதி என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தியத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. காலையில் கதவைத் திறந்தால் தெருவில் நாலு பேர் நிற்கிறார்கள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு. வாடை இன்னும் ஓயவில்லை. அவள் வடக்கே திரும்பி நின்று கண்ணை மூடி இழுக்கிறாள். எல்லாம் வருகிறது. அழுகின இரால், டீசல், யாரோ வீட்டுச் சாம்பிராணி, அவர் தலையணை, டயர், ரத்தம், பிள்ளையின் பால்வாய். இதில் எது காற்றில் இருக்கிறது, எது மூக்கிலேயே தங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி இழுக்கிறாள். பின்னால் யாரும் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள். "போய் வேலையப் பாருங்க."

அவர்கள் நம்பிப் போனார்கள்.